மல்லியை க்ளிக் பண்ணப் போறீங்களா?

மதுரைக்காரங்க மொபைலைத் திறந்து பாருங்க... ஒரு மல்லிகைப்பூ போட்டோவாவது கட்டாயம் இருக்கும். ஆனா, அதுல பாதிக்கு மேல ரெண்டே ரகம்தான். ஒண்ணு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெறும் வெள்ளைத் திட்டு. இதழ் எங்கேன்னு தேடணும். இன்னொண்ணு, அழுக்கு வேட்டி மாதிரி மங்கலா இருக்கும். ‘என் கேமரா சரியில்லை’னு புலம்பாதீங்க பாஸ்! வெள்ளைப் பூவைப் பொறுத்தவரை காஸ்ட்லி கேமரா ரெண்டாம்பட்சம்தான். வெளிச்சத்தைப் பத்தின சின்னக் கணக்கு புரிஞ்சா போதும்.

கேமராவுக்கு வெள்ளை தெரியாது!

கேமராவுக்குள் இருக்கும் லைட் மீட்டருக்கு, எதிரில் இருப்பது பூவா, கரியா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கத்தான் பார்க்கும். விழுகிற ஒளியில் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அட்டைதான் ஃபிலிம் காலத்திலிருந்து இதற்கு அளவுகோல். இப்போதைய மொபைல்கள் காட்சியை ஊகித்துக் கொஞ்சம் சரிசெய்யும்தான். ஆனாலும், பூ விஷயத்தில் அடிக்கடி ஏமாந்துவிடும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலை ஃப்ரேம் முழுக்க எடுக்கிறீர்களா? ‘அடேங்கப்பா, இவ்வளவு வெளிச்சமா!’ என்று மீட்டர் பயந்து இருட்டாக்கிவிடும். எனவே, எக்ஸ்போஷரை +1 அல்லது +1.5 வரை ஏற்றுங்கள். திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் ஒற்றைத் தும்பைப் பூவை எடுக்கும்போது கதை அப்படியே உல்டா! சுற்றிலும் கறுப்பு மண் என்பதால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும், குட்டிப் பூ வெளுத்துப்போகும். அங்கே -1. மொபைல் என்றால், பூவின் மேல் விரலை வைத்ததும் வருகிற சூரியன் அடையாளத்தை மேலே, கீழே நகர்த்தினால் வேலை முடிந்தது.

வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை?

ஒரு சின்ன எக்ஸ்பெரிமென்ட். உதிர்ந்த மல்லிகை இதழ் ஒன்றை விரலால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளை காணாமல் போய், கண்ணாடி மாதிரி ஆகிவிடும்! காரணம், இதழில் வெள்ளைச் சாயம் என்று எதுவும் இல்லை. செல்களுக்கு நடுவில் உள்ள காற்று இடைவெளிகளில் ஒளி சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, நீங்கள் எடுப்பது நிறத்தை அல்ல, ஒளியை.

சாதாரண டிஜிட்டல் படத்தில் வெளிச்சத்துக்கு 0 முதல் 255 வரை மார்க். 255-ஐத் தொட்ட இடத்தில் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை. எந்த சாஃப்ட்வேராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பூவின் மிக வெளிச்சமான பகுதி 240 பக்கம் நின்றால் பாஸ் மார்க்! உச்சி வெயிலைத் தவிருங்கள். காலை 7 மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது, ஒரே இதழில் நாலைந்து வெள்ளை தெரியும்.

பக்கத்துல யாரு?

வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது அதன் பக்கத்தில் இருக்கும் இருட்டுதான். கறுங்கூந்தலில் மல்லிச்சரம் ஏன் எடுப்பாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? உங்கள் கறுப்பு காலேஜ் பேக்கை, பூவுக்கு ரெண்டடி பின்னால், நிழலில் வையுங்கள். இலவச ஸ்டுடியோ ரெடி! நிழல் பக்கம் ரொம்ப இருட்டினால், ரெக்கார்ட் நோட்டின் வெள்ளைப் பக்கத்தைப் பிடியுங்கள்.

அமெரிக்காவின் இமோஜென் கன்னிங்ஹாம் கல்லூரியில் படித்தது கெமிஸ்ட்ரி. சின்னக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டே, வீட்டுத் தோட்டத்துப் பூக்களை எடுத்தவர். 1925-ல் அவர் எடுத்த மக்னோலியா பூ, கறுப்பு-வெள்ளைப் படம்தான். ஆனால், இதழ்களின் மெல்லிய சாம்பல் சாயல்களுக்காகவே இன்றும் உலகம் அதைக் கொண்டாடுகிறது.

பூக்காரம்மா பார்க்கும் டோன்

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிகாலையில் பறித்த மொட்டு, சாயந்தரம்தான் விரியும். வாட வாட, வெள்ளையில் மஞ்சள் ஏறும். பூக்காரம்மா ஒரே பார்வையில் ‘இது நேத்துப் பூ’ என்று சொல்வது இதை வைத்துத்தான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸைக் கவனிக்காமல் எடுத்தால், இன்றைய பூவும் நேற்றைய பூவாகிவிடும். வெளுக்க விட்டால், நேற்றைய பூவும் புதுசாகிவிடும். ரெண்டுமே பொய். விடியும் முன் எழுந்து அந்தப் பூவைப் பறித்தவர்களின் உழைப்பு தெரிய வேண்டுமானால், டோன் சரியாக இருந்தாக வேண்டும்.

இன்னொண்ணு... வியாபார நேரத்தில் வழியை மறிக்காதீங்க. ‘அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?’ன்னு கேட்டுட்டு எடுங்க. ஜடையில் இருக்கும் பூவாக இருந்தாலும், அந்த ஜடைக்குச் சொந்தக்காரியிடம் கேட்காமல் நோ க்ளிக்!

நாளைக்குக் காலையில் ஒரே பூவை -1, 0, +1 என்று மூணு தடவை எடுங்கள். எதில் இதழின் நரம்பு தெரிகிறதோ, அதுதான் உங்க மல்லி!