ஒன்பதில் ஒரு பங்கு குதிரை

அந்தக் கூடத்துக்குள் யாரும் ஓடுவதில்லை. தோள்பையை மாட்டிக்கொண்டு சட்டென்று திரும்புவதில்லை. நீள நீளமான மேசைகளில் குதிரைகள் மெல்லிய கால்களை ஊன்றி நெருக்கமாக நிற்கின்றன. ஒருவர் இடுப்பு மேசை விளிம்பில் பட்டால் போதும், ஒன்று சாய்ந்து அடுத்ததைத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், ஒரு வரிசையே படுத்துவிடும். மாதக்கணக்கில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய குதிரைக்குக் காது போயிருக்கும்.

அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகள் மாடல் குதிரைக் கண்காட்சியைப் பற்றி இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொம்மை விழுந்தா எடுத்து நிக்க வைக்க வேண்டியதுதானே?” என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மாமா, இன்னொரு தடவை பொம்மைன்னு சொன்னீங்க, போனை வெச்சுடுவேன்.”

இந்தக் குதிரைகளின் கதை ஒரு கடிகாரத்தில் தொடங்குகிறது. சிகாகோவில் பிளாஸ்டிக் வார்ப்பு வேலை செய்துவந்த ப்ரேயர் நிறுவனத்திடம், 1950 வாக்கில் ஒரு கடிகார நிறுவனம் தன் மேசைக் கடிகாரத்துக்கு அலங்காரமாக ஒரு குதிரை செய்து தரச் சொன்னது. சேணம் பூட்டிய, மேற்கத்தியக் கௌபாய் பாணிக் குதிரை. ஜனங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டுக் குதிரையைத்தான் கேட்டார்கள். வுல்வொர்த் கடைகள் குதிரையை மட்டும் வாங்கி விற்க முன்வந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் வந்த வார்ப்புகளில் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர் கிறிஸ் ஹெஸ். இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் அவர் பெயரைச் சொல்வது, நம்மூர்க்காரர்கள் பழைய பாட்டுக்கு இசையமைத்தவர் பெயரைச் சொல்வது மாதிரிதான் இருக்கும்.

அறுபதுகளில் அந்த நிறுவனம் நீல உடம்பில் வெள்ளைப் புள்ளி, தங்க உடம்பில் வெள்ளைப் புள்ளி என்று வரவேற்பறைக்கேற்ற குதிரைகளை இறக்கிப் பார்த்தது. வாங்க ஆளில்லை. விற்காமல் போனதாலேயே அவை அபூர்வமாகிவிட்டன. இன்று சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். பழைய வெள்ளைக் குதிரைகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. அவை செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. ஆண்டுகள் போகப்போக மஞ்சளடித்துவிடும். நாம் மொட்டைமாடியில் வடாம் காயவைப்பதுபோல் அவர்கள் குதிரையை ஜன்னல் வெயிலில் வைக்கிறார்கள். மெல்ல மெல்ல வெளுக்கும்.

எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பெரிய ரகம் நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. தோள்மேடு வரை ஐந்தடி உயரமுள்ள குதிரை மேசைமேல் 17 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். முப்பத்திரண்டில் ஒரு பங்கு ரகத்தில் அதே குதிரை ஐந்து சென்டிமீட்டர்கூட இருக்காது. உள்ளங்கையில் நான்கு நிற்கும்.

வாங்கி அடுக்கிவைப்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் எனக்கு ருசிப்பது அடுத்த கட்டம். கீறல் விழுந்த, கால் உடைந்த குதிரைகளை மலிவாக வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவைப்பார்கள். அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, சூடான காற்றில் காட்டிக் கழுத்தை இளக்கித் திருப்புவார்கள். கம்பி கொடுத்துக் காலை மடக்குவார்கள். இடைவெளிகளை இரண்டு பொருளைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி பசையால் நிரப்பித் தசையை எழுப்புவார்கள். நம்மூர் ஹார்டுவேர் கடையில் குழாய் ஒழுகலுக்கு வாங்குகிறோமே, எம்-சீல், அந்த ஜாதி. பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, முடிவே இல்லாத தேய்ப்பு. அதன்மேல் வண்ணப் பொடியைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு, அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். கடைசியில் உடம்பு முழுக்க மினுக்கமில்லாத பூச்சு. கண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டுப் பளபளப்பு. அந்தச் சொட்டு விழுந்ததும் குதிரை நம்மைப் பார்க்கும்.

நிறத்திலும் நினைத்ததைப் பூசிவிட முடியாது. செவலைக் குதிரைக்குக் கறுப்புப் பிடரி வைத்தால் நடுவர் அடுத்த குதிரைக்குப் போய்விடுவார். செவலையின் உடம்பில் கறுப்பு மயிர் முளைக்க மரபணு விடாது. முழு வெள்ளையாகத் தெரியும் குதிரைகளில் பெரும்பாலானவை அடர்நிறக் குட்டியாகப் பிறந்து, வயது ஏற ஏற வெளுத்தவை. ஆகவே இப்படி வெளுத்துவரும் சாம்பல் குதிரைக்கு வண்ணம் தீட்டுகிறவர் முதலில் அதற்கு வயது என்னவென்று முடிவு செய்ய வேண்டும்.

கண்காட்சியில் ஒரு பிரிவில் குதிரை வெறுமனே நிற்கும். உடற்கட்டும் வேலைத்திறமும் மட்டுமே கணக்கு. இன்னொன்று சேணம், கடிவாளம், சவாரி செய்பவர் எல்லாம் வைத்து ஒரு காட்சியாக அமைப்பது. தடையைத் தாண்டும் குதிரையா, கடிவாள வார் அந்த நொடியில் எவ்வளவு இறுகியிருக்கும், சவாரி செய்பவர் எங்கே பார்ப்பார் என்றெல்லாம் கேள்வி வரும். தகுதிப் போட்டியில் முதலிரண்டு இடம் பிடித்தால் தேசியப் போட்டிக்கு நுழைவு அட்டை. இது தவிர ஆண்டுதோறும் ஜூலையில், நிஜக் குதிரைகளுக்குப் பேர்போன கென்டக்கியின் லெக்சிங்டனில், ப்ரேயர் நிறுவனமே பெரிய திருவிழா நடத்துகிறது. 1990இல் ஆரம்பித்தது.

போன முறை ஊருக்கு வந்தபோது அக்கா மகள் ஒரு குதிரையை என்னிடம் விட்டுப்போனாள். “சேணம் மட்டும் நீங்க பண்ணுங்க மாமா.” சின்ன வேலைதானே என்று பெரியமேட்டில் துண்டுத் தோல் வாங்கிவந்தேன். அங்கவடி தொங்கும் வார் நிஜத்தில் ஓர் அங்குல அகலம் என்றால், இங்கே மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. அகலத்தை வெட்டிவிடலாம். கனம்தான் கழுத்தறுத்தது. கடைத்தோல் இந்த அளவுக்குப் பலகை மாதிரி. பின்பக்கத்தை பிளேடால் சீவினேன், ஓட்டை விழுந்தது. இன்னொன்று சீவினேன், அதுவும். ஐந்தாவது துண்டு வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு வந்தது. பக்கிளைச் செப்புக் கம்பியில் வளைத்தேன். தும்மல் வந்ததில் ஒன்று பறந்து தொலைந்தது, இன்னும் கிடைக்கவில்லை.

ஒருவழியாகப் பூட்டிப் படமெடுத்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “மாமா, சேணம் ரொம்ப முன்னாடி இருக்கு. தோள் எப்படி அசையும்?” அசையப்போவதில்லை, அது பிளாஸ்டிக் என்று எழுத நினைத்து விட்டுவிட்டேன்.

அவளிடம் கோபித்துப் பயனில்லை. குதிரையைச் சரியாகப் பார்ப்பது யாருக்குமே எளிதாக வரவில்லை. நான்கு கால் பாய்ச்சலில் முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னுமாக விரிந்து பறக்கும் என்றே ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு காலும் தரையில் இல்லாத நொடி உண்மைதான், ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. அத்தனை பேர் அத்தனை காலம் பார்த்தும் கண்ணில் படவில்லை.

சேணத்தைப் பிரித்துவிட்டு, அடுத்த ஞாயிறு மாலை மெரினாவுக்குப் போனேன். சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் ஒரு செவலை. பிடரி கறுப்பில்லை, சரிபார்த்தேன். மணலில் குந்தி உட்கார்ந்து தோளையும் பின்னங்கால் முட்டியையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். குதிரைக்காரப் பையன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

“இன்னா சார், ஏறலையா? சும்மா காலையே படம் புடிக்கிற?”

“கொஞ்சம் நடக்க வைப்பா” என்றேன். “மெதுவா.”