பாறைக்கு ஏற்ற செடி

ஜோத்பூரில் 1459இல் ராவ் ஜோதா மெஹ்ரான்கர் கோட்டைக்கு அடிக்கல் நாட்டிய குன்றில், மண் என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. எல்லாம் ரயோலைட் என்னும் எரிமலைப் பாறை. வயது ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகள். சராசரி ஆண்டு மழை 40 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் பெய்து ஓய்ந்துவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் பூங்கா அமைக்கச் சொன்னால் லாரி லாரியாக மண் கொட்டி, போர் போட்டு, புல்தரை விரிப்பதுதான் நம் நாட்டு வழக்கம். 2006இல் கோட்டையை ஒட்டிய சுமார் 70 ஹெக்டேர் நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்ற பிரதீப் கிருஷன் அந்த வழியில் போகவில்லை. தில்லி மரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். பாறையிலேயே வளரும் தார்ப் பாலைவனச் செடிகளைத் தேடினார்.

அதற்கு முன்னால் சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டியிருந்தது. அது எப்படிப்பட்ட மரம் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடிவேரோடு எடுக்கலாமென்றால் வேர் பாறை இடுக்கில் இறங்கியிருக்கும். கைகொடுத்தவர்கள் கந்த்வாலியாக்கள், பரம்பரையாக மணற்கல் வெட்டுபவர்கள். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே பாறையின் போக்கைச் சொல்லிவிடுவார்கள். உளி கொண்டு அரை மீட்டர் ஆழம்வரை குடைந்து வேரை எடுத்தார்கள். எடுத்த குழியிலேயே நாட்டுச் செடிகள் நடப்பட்டன. கருவேலமே வேர்விட்ட இடமென்றால் ஈரம் இறங்க அங்கே வழி இருக்கிறது என்றுதானே பொருள்! இந்தத் திட்டத்திலேயே எனக்குப் பிடித்த யோசனை இதுதான்.

இங்குள்ள செடிகள் தண்ணீரைச் செலவழிப்பதில் கருமிகள். தோர் என்கிற கள்ளி, மழையை ஒட்டிச் சில காலம் இலைவிட்டு, வறட்சி வந்ததும் உதிர்த்துவிடும். பிறகு பச்சைத் தண்டே உணவு தயாரிக்கும். கைர் புதரில் இலை இருப்பதே அபூர்வம். அதன் காயை ராஜஸ்தானியர் ஊறுகாய் போடுகிறார்கள். பிசின் தரும் குமட் மரமும் உண்டு.

2011 முதல் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா மக்களுக்குத் திறந்திருக்கிறது. மே மாதத்தில் போய்விட்டு, எல்லாம் காய்ந்து கிடக்கிறதே என்று குறைசொல்வதில் நியாயமில்லை. கோடையில் காய்ந்து கிடப்பதால்தான் அந்தச் செடிகள் அங்கே பிழைக்கின்றன. பச்சை பார்க்க ஆசையென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள்.