பிரித்துப் போட்ட பிக்கப்பைத் துரு தின்னும் முன்

பழைய பெயின்ட்டோடு கொட்டகையில் சும்மா நிற்கும் வண்டியைவிட, சீரமைக்கப்போகிறோம் என்று பிரித்துப் போட்டுப் பாதியில் விட்ட வண்டிதான் சீக்கிரம் அழிகிறது. தாத்தா காலத்து மஹிந்திரா ஜீப் பிக்கப் ஒன்று வீட்டில் நிற்கிறது, கதவும் பானெட்டும் கழற்றிச் சுவரில் சாத்தியிருக்கின்றன, ‘பொங்கலுக்குள் முடித்துவிடலாம்’ என்ற பேச்சு பல பொங்கல்களைத் தாண்டிவிட்டது என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். மழையில் நனைந்தால்தான் துரு வரும் என்பதில்லை. 1930களில் இங்கிலாந்தின் அறிவியலாளர் வெர்னன் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தகட்டின் மேல் படர்ந்து அரிப்பு சட்டென்று வேகமெடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் இரவுகள் அந்த அளவைத் தாராளமாகத் தாண்டும். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த தகடு, ஒரே இரவில் மெல்லிய ஆரஞ்சு நிறம் பூசிக்கொள்வதை டிங்கரிங் பட்டறைக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். பழைய பெயின்ட் எவ்வளவு மங்கியிருந்தாலும் அது ஒரு கவசம். அதைச் சுரண்டிவிட்டு மேற்கொண்டு எதுவும் பூசாமல் விடுவதுதான் தவறு.

இங்குள்ள கரிசல் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. சேஸின் மடிப்புகளிலும் மட்கார்டின் உட்புறத்திலும் அப்பிய கரிசல் சேறு மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, வெளியில் அதிகம். இந்த வேறுபாடே தகட்டை ஒரு சிறு மின்கலமாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் இரும்பு கரையும். அதனால்தான் வெளியே நன்றாகத் தெரியும் சேஸ் உள்ளுக்குள் பொத்தலாகிறது. துருவின் கனஅளவு அது தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துரு வந்தால் அது பற்றவைப்பையே நெம்பித் திறந்துவிடும்.

அரியலூர் சிமென்ட் ஊர் என்பதால் ஒரு சந்தேகம் எழலாம். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதில்லையே, சுண்ணாம்புக்கல் தூசி படிந்த வண்டிக்கும் அது நல்லதுதானே? இல்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். அந்தச் சூழலில்தான் இரும்பின் மேல் பாதுகாப்புப் படலம் உருவாகி நிலைக்கிறது. சுண்ணாம்புக்கல் தூசிக்கு அவ்வளவு காரம் கிடையாது. ஈரத்தைப் பிடித்து வைப்பது மட்டுமே அது செய்யும் வேலை.

துருவை எடுக்க வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல முறை மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டுச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், வேண்டாத இரும்புத் தகட்டை பாசிட்டிவ் முனையிலும் இணைத்தால், துரு தளர்ந்து வரும். நல்ல இரும்பு தேயாது. ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. சார்ஜரை அணைத்த பிறகே இணைப்பைக் கழற்றுங்கள். எக்காரணம் கொண்டும் பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகித் தண்ணீரில் கலக்கும்.

தொட்டிக்குள் அடங்காத பாகங்களுக்கு பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அது துருவைக் கரைத்து, தகட்டின் மேல் மெல்லிய இரும்பு பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்லும். அந்தப் படலத்தின் மேல் பிரைமர் நன்றாகப் பிடிக்கும். மீந்த அமிலத்தைக் கழுவி உடனே உலர்த்தாவிட்டால் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் வரும். உலகில் இந்த அமிலம் பெரும்பாலும் பாஸ்பேட் பாறையிலிருந்துதான் தயாராகிறது. அதே கனிமத்தின் உருண்டைகள், பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, குளக்காநத்தம் களிமண் மேடுகளில் அம்மோனைட் புதைபடிவங்களோடு கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலையடித்த கடல் விட்டுச்சென்றவை அவை. கடைகளில் ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ என்று விற்கும் பலவற்றில் டானின் இருக்கும். அது துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பான இரும்பு டானேட்டாக மாறும். நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியதும் இதே வினையை வைத்துத்தான்.

அடுத்து பிரைமர். ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். மேல்பூச்சு இல்லாத ரெட் ஆக்ஸைடு நுண்துளைகள் வழியே ஈரத்தை உள்ளே விடும். எப்பாக்சி பிரைமர் இதைவிட எவ்வளவோ மேல். பட்டியும் ரெட் ஆக்ஸைடைப் போலத்தான். துருவின் மேல் நேரடியாக வைத்த பட்டி ஈரத்தை உறிஞ்சி, அடியில் அரிப்பை வளர்க்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பு.

இன்ஜின் விஷயம் சுருக்கமானது. நெடுநாள் நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டர் போட்டுச் சுழற்றாதீர்கள். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தாலே கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கக்கூடும். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். அந்தக் கால ரப்பர்க் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் அவற்றையும் மாற்றியாக வேண்டும்.

பழைய ஜீப்பின் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றும் ஆசை நம் பக்கம் நிறைய. அதைச் செய்யுமுன் ஒன்றை யோசியுங்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்து ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுரண்டாதீர்கள். ஒரு கதவை எடுத்தால் துரு நீக்கி, பிரைமர் அடித்து, மேல்பூச்சு முடித்த பிறகே அடுத்த கதவைத் தொடுங்கள். ஏற்கெனவே சுரண்டிவிட்ட தகடு வெறுமையாகக் கிடந்தால், ஐப்பசி மழை தொடங்கும் முன் அதைச் சுத்தம் செய்து ஒரு பூச்சு எப்பாக்சி பிரைமராவது அடித்துவிடுங்கள்.