தறியில்லா நெசவு

நெசவு என்றவுடன் நமக்குக் காஞ்சீபுரமும் ஆரணியும் ஞாபகத்துக்கு வரும். பாவும் ஊடையும், குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளியும் கண்முன் தோன்றும். தறியே இல்லாமல், ஓர் ஊசி, கொஞ்சம் நூல், ஒரு கிண்ணம் கண்ணாடி மணி ஆகியவற்றை மாத்திரம் வைத்துக்கொண்டு மடியிலேயே நெய்யக்கூடிய துணி ஒன்று உண்டென்றால் சிலர் நம்பமாட்டார்கள். ஆனால் இது வெகு புராதனமான வித்தை. எகிப்து தேசத்துக் கூபு மன்னன் காலத்தில், அதாவது சுமார் 4,500 வருஷங்களுக்கு முன், புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து மணிவலை ஆடை ஒன்றை 1927-ஆம் வருஷம் கண்டெடுத்தார்கள். நூல் மக்கிப் போயிருந்தது; மணிகள் கிடந்த கிடையைக் கொண்டே பின்னலை ஊகித்து மறுபடி கோத்தார்கள். அந்த ஆடை இப்போது அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கலைக் காட்சிசாலையில் இருக்கிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் நமது நூம்பலில், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று காத்திருக்கும் பெண்களும், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமா என்று விசாரிக்கும் தாய்மார்களும் அநேகர். எந்தக் கைவேலையைச் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்பது, "இதில் என்ன வரும்படி?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கு வருமுன் வேலை இன்னதென்று காட்டிவிடுகிறோம்.

மணி கோப்பது வேறு, மணி பின்னுவது வேறு. ஆவடிப் பக்கத்து நரிக்குறவ மக்கள் விற்கும் பாசிமணி மாலை, கோத்தது. அதில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் அத்தனை மணியும் உருண்டோடி, பாதி கட்டிலுக்கடியில் போய்ச் சேரும். பின்னலில் அப்படியல்ல; ஒவ்வொரு மணியும் அண்டையிலுள்ள மணிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓர் இழை அற்றாலும் பட்டை சட்டென்று குலையாது.

சாமான்கள் சொற்பந்தான். பழகுவதற்கு 11-ஆம் நம்பர் மணி ஏற்றது. அது சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கும். நம்பர் ஏற ஏற மணி சிறுக்கும் என்பதைக் கடைக்குப் போகுமுன் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சாதாரணத் தையல் ஊசியின் காது மணிக்குள் நுழையாது. காதும் உடம்பும் ஒரே பருமனாயிருக்கும் மெல்லிய மணி ஊசி வேண்டும். நைலான் நூல் இரு கை விரித்த நீளம் போதும். அதற்கு மேற்பட்டால் சிக்கும். மணிகளைக் கொட்டிக்கொள்ளப் பழைய துவாலைத் துண்டைப் போல உகந்தது வேறில்லை.

முதலில் கற்க வேண்டியது பெயோட் பின்னல். பெயோட் என்பது ஒரு கள்ளிச் செடி. அமெரிக்கப் பழங்குடியினர் அதை வைத்துச் செய்யும் வழிபாட்டுக்குரிய பொருள்களில் இந்தப் பின்னல் காணப்பட்டதால் பெயரும் ஒட்டிக்கொண்டது. நூல் நுனியருகே ஒரு மணியைக் காவலாகக் கட்டிவிட்டு, 10 சிவப்பு மணிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். 11-ஆவதாக ஒரு வெள்ளை மணியை எடுத்து, 10-ஆவது மணியை விட்டுவிட்டு, 9-ஆவது மணிக்குள் ஊசியைத் திருப்பிச் செலுத்துங்கள். அடுத்த வெள்ளை மணியை எடுத்து, 8-ஐ விட்டு 7-க்குள். இவ்விதம் முதல் மணி வரையில் வந்தால் 5 வெள்ளை மணிகள் ஏறியிருக்கும். நூலை இழுத்தால் அவை ஒன்றுவிட்டு ஒன்று பல்வரிசை போலத் துருத்தி நிற்கும். இனி வேலை சுலபம்: ஒரு மணியை எடுக்க வேண்டியது, துருத்திய மணிக்குள் நுழைய வேண்டியது. முதல் மூன்று வரி வரையில் பட்டை புழுப் போல நெளியும், பயப்பட வேண்டாம். 10 என்னும் இரட்டைப்படைக்கும் காரணம் உண்டு. ஒற்றைப்படையில் தொடங்கினால் ஓரத்தில் திரும்பும்போது ஊசி நுழைய இடமில்லாமல் சுற்றி வளைத்துப் போக வேண்டும்.

அடுத்தது சதுரப் பின்னல். புது மணி ஒன்றை எடுத்து, கீழ்வரிசையில் அதற்கு நேரே இருக்கும் மணிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி புது மணிக்குள்ளேயே வர வேண்டும். தறியில் நெய்தது போலவே தோன்றும். கட்டங்கட்டமாக உருவம் எழுத இதுவே தகுந்தது. ஆனால் நிதானமாகத்தான் நகரும்.

நமக்கு மிகவும் பிரியமானது மூன்றாவது. அதைச் செங்கோணப் பின்னல் எனலாம். 4 மணிகளை வட்டமாகக் கோத்துக் கட்ட வேண்டும். அந்த நான்கில் ஒன்றைச் சுவராக வைத்துக்கொண்டு, இன்னும் 3 மணி சேர்த்தால் பக்கத்து அறை தயார். ஓர் அறையை வலம் சுற்றினால் அடுத்ததை இடம் சுற்ற வேண்டும். இது புதிதல்லவென்று சில பாட்டிமார்கள் உடனே கண்டுகொள்வார்கள். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வீற்றிருக்கும் மணிக் கிளியும் மணிப் பையும், தங்கூசி நரம்பின் இரு நுனிகளையும் ஒரே மணிக்குள் எதிரெதிராகச் செலுத்திச் செய்தவையல்லவா? இரண்டு நுனியால் செய்வதை இங்கே ஓர் ஊசியால் செய்கிறோம், அவ்வளவே.

இதில் நல்ல கணக்கும் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று அறையாக 9 அறைகள் பின்ன எத்தனை மணி வேண்டும்? 36 என்று குழந்தைகள் உடனே கூவுவார்கள். முதல் வரிசைக்கு 4, 3, 3. அடுத்த வரிசைகளுக்கு 3, 2, 2. ஆக 10, 7, 7, மொத்தம் 24. பொதுச் சுவரை இரண்டு தடவை கட்டுவாருண்டோ? 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடம் சொல்ல வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொல்லிப் புரியாததை இந்த 24 மணிகள் சொல்லிவிடுகின்றன.

காந்தியடிகள் பிறந்த கத்தியவாரே மணிப் பின்னலுக்குப் பேர்போன சீமை. அங்கே அதற்கு மோதி பரத் என்று பெயர். வெள்ளை மணியைத் தளமாக வைத்து, யானை, மயில், குதிரை வீரன் எல்லாம் வர்ண மணிகளில் எழுதி, வாசல் தோரணமாகவும் சுவர் அலங்காரமாகவும் பெண்கள் பின்னுவார்கள். கல்யாணச் சீர்வரிசையில் அவை போகும். மணிகளோ வெனிஸ் நகரத்திலிருந்து, கீழை ஆப்பிரிக்காவுடன் வியாபாரம் செய்த வர்த்தகர் மூலம் வந்தவை. இதுதான் வேடிக்கை. புதுச்சேரிக்குப் பக்கத்தில், 1945-இல் வீலர் துரை அகழ்ந்த அரிக்கமேட்டில், சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பே சிறு கண்ணாடி மணிகள் செய்திருக்கிறார்கள். அந்த ஜாதி மணிகள் கீழ்த்திசை நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருக்கின்றன. காய்ச்சிய கண்ணாடியை உள்துளையுள்ள இரும்புக் கோலில் திரட்டி, நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கும் அந்த முறை, ரேணிகுண்டாவுக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நீடித்தது. நமது சுற்றுவட்டாரத்திலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம். நாமோ ஜப்பான் மணிப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்!

இப்போது வரும்படிக்கு வருவோம். கையில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டைக்கு 10 மணி அகலமும் 80 வரி நீளமும் என்றால் 800 மணிகள். மணிக்கு ஒரு தடவை ஊசி. புதிதாகக் கற்றவள் நிமிஷத்துக்கு 4 மணி பின்னினால் 3 மணி 20 நிமிஷம் ஆகும். கை பழகி நிமிஷத்துக்கு 10 என்றானால் 80 நிமிஷம். கண்ணாடியின் விலை சொற்பம். பட்டையின் விலை முழுவதும் இந்த நிமிஷங்கள்தான். உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிச் செல்லும் தரகர்கள் கணக்கில் கொள்ளாதது இதைத்தான். ஆகையால் பின்னத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். அந்தப் பட்டைக்குச் சொல்லும் விலையை அந்த நேரத்தால் வகுத்துப் பார்த்து, கூலி கட்டாவிட்டால் வேலையைத் திருப்பி அனுப்பச் சிறிதும் தயங்க வேண்டாம். வீட்டுக் கதவுக்குத் தோரணம் பின்னிக்கொள்ளலாம். அதற்குக் கூலி கேட்பாரில்லை.

மணி வாங்கச் சென்னைப் பூக்கடைப் பக்கம் போகலாம். மலிவுப் பொட்டலங்களில் பருத்ததும் இளைத்ததும் கலந்திருக்கும். பின்ன உட்காருமுன் ஒரு தட்டில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வாதவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். எறிய வேண்டாம், காவல் மணிக்கு ஆகும்.