போட்டோவைத் தின்ற பூச்சி

குட்டீஸ்! 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மழை விட்டும் என் அலமாரியில் ஈரம் போகவில்லை. பொங்கலுக்குத் திறந்தால், மாணவர்களோடு எடுத்த பழைய குரூப் போட்டோவில் இரண்டு முகங்களைக் காணோம்! ராமபாணப் பூச்சியின் வேலை.

வெள்ளி நிறம், மூன்று வால், இறக்கை கிடையாது. நம்மைக் கடிக்காது. ஈரமும் மாவுச்சத்தும் போதும். பைண்டிங் பசை என்றால் உயிர். மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும், பொல்லாதது!

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்க வசம்பு, கிராம்பு, மிளகு, கற்பூரம் இடித்துப் பொட்டலம் கட்டி வைப்பார்கள். நானும் வசம்பு வைத்தேன். அதைவிடப் பலித்தது, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போட்டு, புத்தகங்களைக் காற்றாட விட்டதுதான்.

அந்த இரண்டு பேர் யார் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.