ஆணா, பெண்ணா? பதில் உடனே தெரியாவிட்டால் என்ன செய்வது?

‘என்ன குழந்தை?’ பிரசவ வார்டு வாசலில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சில நேரம் டாக்டராலேயே உடனே பதில் சொல்ல முடியாது. ஏன்?

எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண் என்று பள்ளியில் படித்திருப்போம். உடல் அவ்வளவு சிம்பிள் இல்லை.

கருவில் சுமார் 6 வாரம் வரை எல்லாருக்கும் ஒரே அமைப்புதான். பிறகு ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு, விந்தகம் உருவாக வழிசெய்யும். விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். அதைச் செல்கள் ஏற்கவே இல்லை என்றால், எக்ஸ்ஒய் இருந்தும் வெளித்தோற்றம் பெண்ணுடையதாகவே இருக்கும். வயசுக்கு வராதபோதுதான் பலருக்கும் விஷயமே தெரியவரும்.

எக்ஸ்எக்ஸ் குழந்தைக்கு அட்ரினல் சுரப்பி ஆண் ஹார்மோனை அதிகம் சுரந்தால், பிறப்புறுப்பு இரண்டுக்கும் நடுவே அமையலாம். இவர்களில் சிலருக்கு உடலில் உப்புச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்து வரும்; மருந்து உடனே தேவை. தோற்றத்தை மாற்றும் ஆபரேஷனுக்கு அந்த அவசரம் இல்லை.

இப்படிப் பிறப்பவர்கள் இடைப்பாலினத்தவர். திருநர் என்பது வேறு. அது மனம் உணரும் பாலினம் பற்றியது. அந்த உணர்வை எந்தக் குரோமோசோம் டெஸ்ட்டும் முன்கூட்டிச் சொல்லாது.

2019-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து, குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனைத் தமிழக அரசு தடை செய்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

உறவினர்கள் காத்திருக்கலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.