கவுண்டி ஏடுகளில் கொள்ளுத்தாத்தா

ஆபிரகாம் லிங்கனின் பெற்றோருக்கு முறையாகக் கல்யாணம் நடந்ததா என்ற சந்தேகத்தை அமெரிக்காவில் வெகுகாலம் மென்றுகொண்டிருந்தார்கள். அவருடைய அப்பா தாமஸ் லிங்கன் கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில் குடியிருந்தவர். கல்யாணப் பதிவு இருந்தால் அங்கேதான் இருக்கும் என்று அந்த ஏடுகளைப் புரட்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. லிங்கன் கொல்லப்பட்டு 13 ஆண்டுகள் கழித்து, 1878ல், வாஷிங்டன் கவுண்டியின் கிளார்க் தன் அலுவலகக் கட்டுகளிலிருந்து அந்தக் காகிதங்களை எடுத்தார். ஒன்று, 1806 ஜூன் 10 தேதியிட்ட 50 பவுண்டு கல்யாண ஜாமீன் (கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை என்பதற்கான உறுதி) பத்திரம். மற்றொன்று, ஜூன் 12ல் கல்யாணத்தை நடத்திவைத்ததாக ஜெஸ்ஸி ஹெட் என்ற போதகர் அனுப்பிய அறிக்கை. மணப்பெண் நான்சி ஹாங்க்ஸ் வாஷிங்டன் கவுண்டியில் இருந்தவர். பெண் இருக்கும் கவுண்டியில்தான் ஜாமீன் எழுதுவார்கள் என்ற வழக்கம் தேடியவர்களுக்கு உறைக்கவில்லை.

அமெரிக்கத் தெற்கில் ஒரு காலனிகாலக் குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். ஆளின் பெயரைத் தேடினால் அலைச்சல்தான். அவர் எந்த ஆண்டில், எந்த நிலத்தில், எந்தக் கவுண்டியில் இருந்தார் என்று தேட வேண்டும். கவுண்டி என்பதை நம் ஊர் தாலுகாவைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு கோர்ட்டும் பத்திரப் பதிவு அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

வடக்கே மாசசூசெட்ஸில் ஊர் கிளார்க்குகள் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள். தெற்கே கதை வேறு. வீடுகள் ஆற்றோரமாக மைல்கணக்கில் சிதறிக் கிடந்தன. வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபைதான் அரசு மதம். ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டியது பங்கின், அதாவது உள்ளூர்த் திருச்சபை வட்டாரத்தின், கடமை. ஆனால் அந்த ஏடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. அரசே பிறப்பு இறப்பைப் பதிவு செய்யத் தொடங்கியது மிகத் தாமதமாக. வர்ஜீனியாவில் 1853ல் தொடங்கி 1896ல் நின்று, 1912ல்தான் மறுபடி ஆரம்பித்தது. வட கரோலினாவில் 1913, தென் கரோலினாவில் 1915, ஜார்ஜியாவில் 1919. மக்கள்தொகைக் கணக்கும் அதிகம் உதவாது. 1790ல் தொடங்கிய கணக்கு 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே சொல்லும், மற்றவர்கள் வெறும் எண்கள். வர்ஜீனியாவின் 1790ஆம் ஆண்டுக் கணக்கோ தொலைந்தே போயிற்று.

ஆகவே மிஞ்சுவது சொத்தும் கடனும் வழக்கும். யாருக்கு யார் பிள்ளை என்று எழுதிவைக்க அந்தக் கால கிளார்க்குக்கு எந்த அக்கறையும் கிடையாது. நிலம் யார் கைக்குப் போயிற்று, வரி யார் கட்ட வேண்டும், கடனை யார் தீர்க்க வேண்டும் என்பதில்தான் அவருக்கு அக்கறை. உறவை அதிலிருந்து நாம்தான் கறந்தெடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் எல்லைகளைப் பார்த்துவிட வேண்டும். வர்ஜீனியாவில் 1634ல் எட்டுப் பிரிவுகள்தான். இன்று 95 கவுண்டிகள். குடியேற்றம் மேற்கே நகர நகர ஒன்றை வெட்டி இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டே போனார்கள். வட கரோலினாவில் பிளேடன் கவுண்டி 1734ல் வந்தது. அதிலிருந்து 1750ல் ஆன்சன். அதிலிருந்து 1753ல் ரோவன். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காத ஒருவர்கூட இருபது ஆண்டுக்குள் மூன்று கவுண்டிக்காரராகிவிடுவார். பழைய ஏடுகள் புதுக் கவுண்டிக்குப் போகாது, தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். காடோடி வீரராகப் பெயரெடுத்த டேனியல் பூன் 1759ல் தன் தந்தையிடம் 640 ஏக்கர் வாங்கினார். அந்த நிலம் இப்போது டேவி கவுண்டியில் இருக்கிறது. டேவி உருவானதோ 1836ல். அங்கே போய்ப் பத்திரம் கேட்டால் கையை விரிப்பார்கள். அது ரோவன் கவுண்டியின் ஏட்டில் இருக்கிறது. தென் கரோலினா இன்னும் வேடிக்கை: 1785க்கு முந்தைய பத்திரம் எதுவானாலும் சார்ல்ஸ்டனில்தான் பதிவு. கவுண்டி எல்லைகள் ஆண்டுவாரியாக எப்படி மாறின என்பதை சிகாகோவின் நியூபெர்ரி நூலகம் வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறது. பத்திரத்தைத் தொடுவதற்கு முன் அதைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி நிலம். வர்ஜீனியாவில் 1618 முதல் ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் கூலி கொடுத்து ஒரு ஆளைக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்கு 50 ஏக்கர். எனவே நில மானியப் பத்திரங்களில் அப்படி வந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். 1635ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் பெற்ற மானியத்தில் 'கிழக்கிந்தியன் டோனி' என்று ஒரு பெயர் வருகிறது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா போனவர் பற்றிய மிகப் பழைய எழுத்துத் தடயங்களில் ஒன்று, இப்படி இன்னொருவருடைய 50 ஏக்கருக்குக் கணக்குக் காட்டும் வரியாகக் கிடக்கிறது. ஒரு எச்சரிக்கை: மானியப் பத்திரத்தின் தேதி அந்த ஆள் கப்பலேறிய தேதி அல்ல. இந்த 50 ஏக்கர் உரிமையைக் கைமாற்றி விற்றார்கள். பல ஆண்டு கழித்துக்கூட அதைக் காட்டி நிலம் வாங்கியிருக்கிறார்கள்.

விற்பனைப் பத்திரத்தில் செக்குபந்தியை விட்டுவிட்டு வாசிப்பவர் பாதியை இழக்கிறார். சர்வே எண் எல்லாம் அப்போது ஏது? ஓடைக் கரையிலுள்ள ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடகிழக்கே இத்தனை கோல் சென்று, இன்னாருடைய வேலி முனையைத் தொட்டு என்று போகும். ஒரு கோல் 16½ அடி. 320 கோல் ஒரு மைல். இந்த அளவுகளை வைத்து நிலத்தைக் காகிதத்தில் வரைந்து, பக்கத்து நிலங்களையும் வரைந்து ஒட்டிப் பார்த்தால் ஊரே எழுந்து வரும். அந்தப் பக்கத்துக்காரர்கள் முக்கியம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அவர்களுக்குள்தான். மேற்கே வண்டி கட்டியபோது சேர்ந்து போனதும் அவர்கள்தான். தாத்தாவின் தடம் ஒரு கவுண்டியில் மறைந்தால், அவருடைய அண்டைவீட்டார் அடுத்து எங்கே முளைத்தார்கள் என்று பாருங்கள்.

ஐந்து ஷில்லிங்குக்கு ஒரு வருடக் குத்தகை, வாடகை கேட்டால் ஒரு மக்காச்சோளக் கதிர் என்று ஒரு பத்திரம் கிடைத்தால் நம் ஆள் இத்தனை ஏழையா என்று உருகவேண்டாம். அது இங்கிலாந்துச் சட்டத்தின் ஒரு சுற்றுவழி. மறுநாள் தேதியிட்டு இன்னொரு பத்திரம் அடுத்த பக்கத்திலேயே இருக்கும். உண்மையான விலை அதில் இருக்கும். மனைவியின் பெயரும் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். கணவனின் நிலத்தில் மூன்றிலொரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை விதவைக்கு உண்டு. ஆகவே நிலத்தை விற்கும்போது நீதிபதிகள் மனைவியை, கணவன் இல்லாத இடத்தில் தனியே விசாரித்து, மனமொப்பித்தான் விட்டுக்கொடுக்கிறாளா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் இராது. லிங்கனின் பாட்டி விஷயத்தில் ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டதே இதனால்தான்.

லிங்கன் குடும்பமே இதற்கெல்லாம் நல்ல பாடப்புத்தகம். ஜனாதிபதியின் கொள்ளுத்தாத்தா ஜான் லிங்கன் 1768 வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியாவின் ஆகஸ்டா கவுண்டிக்கு வந்தார். 1778ல் அந்தப் பகுதி ராக்கிங்ஹாம் கவுண்டியாயிற்று. ஜானின் மகன், பேரனைப் போலவே ஆபிரகாம் என்ற பெயர்கொண்டவர், கென்டக்கி போய் 400 ஏக்கர் எடுத்தார். அந்த நில ஆவணத்தில் அவர் பெயர் 'லிங்க்ஹார்ன்'. கிளார்க் காதில் விழுந்தபடி எழுதுவார். எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்கினால் தாத்தா போய்விடுவார்.

1786ல் அந்த ஆபிரகாம் வயலில் கொல்லப்பட்டார். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்பது சட்டம். வர்ஜீனியா சட்டசபை அதை ஒழித்து ஏற்கெனவே சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரியில். சில மாத வித்தியாசத்தில் மூத்தவர் மோர்டெகாய் நிலத்துக்கு உரிமையாளர், கடைசி மகன் தாமஸ் கூலி வேலைக்கு. வம்ச ஆராய்ச்சியில் இந்தச் சட்டம் இரண்டு விதமாக உதவும். உயிலில் ஒரு மகனின் பெயர் இல்லையென்றால் அவன் ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தமில்லை; மூத்தவனுக்குத் தனியாக எழுதித்தர வேண்டிய அவசியமே இல்லை. மற்றது, தான் வாங்கியதற்குப் பத்திரமே இல்லாத நிலத்தை ஒருவன் விற்கிறான் என்றால், அவன் யாருடைய வாரிசு என்று தாய்ப் பத்திரத்தைத் தேட வேண்டும். ஜான் லிங்கன் 1748ல் நியூ ஜெர்சியில் இருந்த நிலத்தை விற்ற பத்திரம் அப்படிப்பட்டது. மோர்டெகாய் லிங்கனின் மகனும் வாரிசும் என்று அதில் தன்னைச் சொல்லிக்கொள்கிறார் (இவர் ஜானின் அப்பா, பேரன் மோர்டெகாய் அல்ல). அந்தக் கண்ணி கிடைத்ததால்தான், நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பு தெரியவில்லை என்று ஜனாதிபதி எழுதிவைத்த குடும்பத்தை, 1637ல் மாசசூசெட்ஸ் வந்த சாமுவேல் லிங்கன் வரை கொண்டுபோக முடிந்தது.

இறந்தவரின் வீட்டுச் சாமான் பட்டியல், ஏலக் கணக்கு, கார்டியன் நியமனம் ஆகியவற்றையும் விடக்கூடாது. ஏலத்தில் முதலில் பொருள் எடுப்பவர் பெரும்பாலும் விதவை. இந்த ஏடுகளில் வரும் அநாதை என்பவன் தகப்பன் இல்லாதவன், அவ்வளவுதான், தாய் உயிரோடிருக்கலாம். பதினான்கு வயதான பையன் தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பதினாறில் தலைவரிப் பட்டியலில் ஏறுவான். இருபத்தொன்றில்தான் நிலம் விற்க முடியும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பிறந்த ஆண்டை ஓரிரு வருட வித்தியாசத்தில் பிடித்துவிடலாம். சீனியர், ஜூனியர் என்று இருந்தால் தகப்பனும் மகனும் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர், ஒருவர் வயதில் பெரியவர், அவ்வளவே. 1752க்கு முன் இங்கிலாந்தின் புத்தாண்டு மார்ச் 25ல் என்பதையும் மறக்கக் கூடாது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதிய தேதி 1731/32 பிப்ரவரி 11. பிறகு நாட்காட்டியே மாறியதால் நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22.

சாமான் பட்டியலில் குதிரைக்கும் இறகு மெத்தைக்கும் நடுவே மனிதர்களின் பெயர்கள் வரும், எதிரே விலையோடு. வர்ஜீனியா 1662ல் செய்த சட்டப்படி பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது. அதனால் அடிமைப் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகள் அடிமைகளை உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் போட்டு, பெரும்பாலும் பெயரில்லாமலே எண்ணின. 1870ல்தான் விடுதலை பெற்ற எல்லாருக்கும் பெயர். கறுப்பினக் குடும்பங்கள் 1870க்கு முன்னால் போக வேண்டுமென்றால் எஜமானனின் உயில், தானப் பத்திரம், பாகப்பிரிவினை வழக்கு ஆகியவற்றைத்தான் வாசிக்க வேண்டும். தங்கள் முன்னோரை விற்றவனின் வம்சத்தை, அவன் பேரப்பிள்ளைகளைவிடக் கவனமாக அவர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். எஜமானக் குடும்பத்தில் பிறந்தவர்கள் தங்களிடமிருக்கும் பழைய கணக்குப் புத்தகங்களைப் பொதுவில் வைப்பது குறைந்தபட்ச மரியாதை என்பது என் கருத்து.

எரிந்த கவுண்டிகள் என்றொரு சாபமும் உண்டு. உள்நாட்டுப் போரில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வர்ஜீனியாவின் ஹனோவர் கவுண்டி தன் ஏடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பியது. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் போயின. ராக்கிங்ஹாம் ஏடுகள் 1864ல் வண்டியில் போகும்போதே தீக்கிரையாகின. கருகிய பாதி மிஞ்சியது. அதற்காகக் கைவிட்டுவிட வேண்டியதில்லை. நில மானியப் பதிவுகள் கவுண்டியில் இல்லை, காலனியின் தலைமை அலுவலகத்தில் இருந்தன. 1782 முதலான வரிப் பட்டியலின் ஒரு நகல் தலைநகருக்குப் போயிருக்கும். ஹனோவரின் புனித பவுல் பங்கின் நிர்வாகக் குறிப்பேடு 1706 முதல் 1786 வரை தப்பியிருக்கிறது. நில உரிமையாளர்கள் கூடி எல்லைக் கோட்டை நடந்து பார்த்ததைக் குறிக்கும் பக்கங்கள் அதில் உண்டு. யாருக்குப் பக்கத்தில் யார் என்பது அதிலிருந்தே தெரியும். அடுத்த கவுண்டியில் நிலம் வைத்திருந்தவராக இருந்தால் அங்கேயும் உயில் பதிவாகியிருக்கலாம்.

இதற்கெல்லாம் விமானம் ஏற வேண்டாம். கவுண்டி ஏடுகளின் படங்களை ஃபேமிலி சர்ச் இணையதளம் இலவசமாகத் தருகிறது. கையெழுத்தையே கணினி வாசித்து, சாட்சியாக மட்டும் வந்த பெயரைக்கூட எடுத்துக் கொடுக்கும் வசதி 2024ல் அதில் வந்தது. நில மானியங்களையும் பாகப்பிரிவினை வழக்குக் கட்டுகளையும் வர்ஜீனியா மாநில நூலகத்தின் தளத்தில் காணலாம். முதலில் அந்த வழக்குக் கட்டுகளைப் பாருங்கள். சகோதரர்கள் நிலத்துக்குச் சண்டை போட்டால் மூன்று தலைமுறையையும் வக்கீலே ஒரே தாளில் எழுதிக்கொடுத்திருப்பார், கிழவர் ஒருவர் வயதைச் சொல்லி சாட்சியும் சொல்லியிருப்பார். சண்டை போடாத குடும்பம் கிடைத்தால் நமக்குத்தான் கஷ்டம்.